நொடிக்கு எட்டுத் துளி: பட்டறை கேள்வி பதில்

போன இதழில் பிஎஸ் 6 (2020-ல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதி) லாரிகளின் யூரியா டேங்க்கைப் பற்றி நான்கே வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. நிறைய கடிதங்களில் காசு போன வருத்தம் தெரிந்தது. அதனால் இந்த இதழ் முழுக்க அந்த நீல மூடி டேங்க் பற்றித்தான். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: டேங்க்கில் இருக்கும் யூரியாத் தண்ணீரைப் பம்ப் இழுத்துக் கொடுக்க, டோசிங் இன்ஜெக்டர் அதைச் சூடான புகையில் தெளிக்கும்; அது அம்மோனியாவாகி, சைலன்சரில் உள்ள கேட்டலிஸ்ட்டில் (வினையூக்கி) நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவை, சுருக்கமாக நாக்ஸை, அடக்கும்.

என்னுடைய பன்னிரண்டு சக்கர லாரி பிஎஸ் 6, 2021 மாடல். மூன்று மாதமாக மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் போட்டால் 'கேட்டலிஸ்ட் திறன் குறைவு' என்று காட்டுகிறது. டோசிங் இன்ஜெக்டரை மாற்றினோம், அப்புறம் யூரியா பம்பையும் மாற்றினோம். நூறு கிலோமீட்டர் ஓடினால் விளக்கு திரும்ப வந்துவிடுகிறது. இப்போது கேட்டலிஸ்ட்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா?
*லாரி உரிமையாளர், சங்ககிரி*

இப்போதைக்கு மாற்றாதீர்கள். இதுவரை போட்ட பணத்துக்கே பதில் கிடைக்கவில்லை. அந்தச் செய்தி சொல்வது ஒன்றுதான்: கேட்டலிஸ்ட்டுக்கு முன்னால் இவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடு, பின்னால் இவ்வளவு, இரண்டுக்கும் நடுவில் குறைய வேண்டிய அளவு குறையவில்லை. ஏன் குறையவில்லை என்று அது சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை.

யூரியா எப்படி அளக்கப்படுகிறது என்று நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்ரோல் பங்க் மாதிரி உள்ளே ஒரு மீட்டர் இருக்கிறது, இத்தனை மில்லி போனதும் நிறுத்தும் என்று நினைப்பு. பெரும்பாலான வண்டிகளில் அப்படி மீட்டரே கிடையாது. பம்ப் யூரியாத் தண்ணீரை ஒரே அழுத்தத்தில் நிறுத்தி வைக்கும். பல வண்டிகளில் அது 9 பார். இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ, அவ்வளவு யூரியா போயிருக்கும் என்று கம்ப்யூட்டர் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதாவது அது அளந்து ஊற்றவில்லை, கணக்குப் போட்டு ஊற்றுகிறது. கணக்கில் வரும் ஏதாவது ஓர் எண் பொய்யாக இருந்தால் ஊற்றும் அளவும் பொய்யாகிவிடும்.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதும் கணக்குத்தான். புகையில் நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு, மணிக்கு எத்தனை கிலோ புகை போகிறது, கேட்டலிஸ்ட் எவ்வளவு சூடாக இருக்கிறது, அதற்குள் ஏற்கெனவே எவ்வளவு அம்மோனியா ஒட்டியிருக்கிறது, இத்தனையும் பார்த்துத்தான் முடிவு செய்யும். லோடோடு மேடு ஏறும் வண்டியில் மணிக்கு 800 கிலோ புகை, அதில் பத்து லட்சத்துக்கு 600 பங்கு நைட்ரஜன் ஆக்சைடு என்று வைத்துக்கொள்வோம். மணிக்குக் கிட்டத்தட்ட 760 கிராம் ஆக்சைடு ஆயிற்று. அதை அடக்க மணிக்கு 1.4 லிட்டர் யூரியாத் தண்ணீர் வேண்டும். நொடிக்கு 0.4 மில்லி. கண்ணுக்கு மருந்து விடுவோமே, அந்த மாதிரித் துளியில் எட்டுத் துளி. அவ்வளவு சின்ன அளவு என்பதால்தான் சின்னத் தப்பும் பெரிதாகத் தெரிகிறது.

உங்கள் வண்டி மாதிரியே ஒன்று போன தை மாதம் என் பட்டறைக்கு வந்தது. அதிலும் இன்ஜெக்டர் புதிது, பம்ப் புதிது. ஸ்கேனரில் அழுத்தம் 9 பார் என்று அசையாமல் நின்றது. எல்லாம் சரி என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் பதினாறு வயதில் பம்ப் செட்டிங் பட்டறையில் சேர்ந்தவன். அங்கே டெஸ்ட் பெஞ்சில் வரிசையாக ஆறு கண்ணாடிக் குழாய் தொங்கும். ஒவ்வொரு நாசிலிலிருந்தும் விழும் டீசலைக் கண் மட்டத்துக்குக் குனிந்து பார்த்து அளவெடுப்போம். ஸ்கேனர் வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. டோசிங் இன்ஜெக்டரைச் சைலன்சரிலிருந்து கழற்றி, வாயை ஓர் அளவுக் குடுவைக்குள் விட்டு, ஸ்கேனரில் டோசிங் டெஸ்ட் ஓட்டினேன். 100 மில்லி விழ வேண்டிய நேரத்தில் 64 மில்லிதான் விழுந்தது. இன்னொரு தடவை ஓட்டினேன். 63.

பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரைக்கும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன். சேஸிஸ் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் விரல் ஓரிடத்தில் நின்றது. பாடி வேலை பார்த்தவர்கள் ஒயரையும் யூரியாக் குழாயையும் சேர்த்து ஒரே பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கியிருந்தார்கள். குழாய் அங்கே நசுங்கிப் பாதியாகிவிட்டது. அழுத்தம் பார்க்கும் சென்சார் பம்புக்குள் இருக்கிறது, நசுங்கல் அதற்கு அப்பால். சென்சாருக்கு 9 பார், இன்ஜெக்டருக்கு அதைவிடக் குறைவு. கம்ப்யூட்டர் 9 பார் என்று நம்பித் திறக்கும் நேரத்தைக் கணக்கிட்டது. குழாயை மாற்றி மறுபடி குடுவையைப் பிடித்தேன், 99 மில்லி. அதற்கப்புறம் அந்த வண்டிக்கு விளக்கு வரவில்லை.

ஆகவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இந்தக் குடுவைச் சோதனையைத்தான். எத்தனை நொடிக்கு எத்தனை மில்லி என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அந்த மாடலின் புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு சரியாக விழுந்தால் பம்ப், குழாய், இன்ஜெக்டர் மூன்றின் மேலும் சந்தேகம் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் மற்றவை.

மற்றவற்றில் எல்லோரும் ஏமாறும் இடம் பின்பக்க நாக்ஸ் சென்சார். அதற்கு நைட்ரஜன் ஆக்சைடும் அம்மோனியாவும் பெரிய வித்தியாசமில்லை. அம்மோனியா தப்பி வந்தாலும் நாக்ஸ் என்றே எண்ணைக் காட்டும். யூரியா அதிகமாகிப் போயிருக்கும், மெக்கானிக்கோ எண்ணைப் பார்த்துவிட்டு யூரியா போதவில்லை என்பார். இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இன்ஜின் நல்ல சூட்டில், ஒரே ஆர்பிஎம்மில் ஓடும்போது ஸ்கேனரில் டோசிங்கை நிறுத்திவிட்டுப் பின்பக்க எண்ணைக் கவனியுங்கள். எண் முதலில் இறங்கினால், அதுவரை காட்டியது அம்மோனியா. இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அது உண்மையான நாக்ஸ். பொறுமையாகச் சில நிமிடம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேட்டலிஸ்ட் தன்னிடம் சேர்த்து வைத்த அம்மோனியாவைச் செலவழித்து முடிக்க நேரம் பிடிக்கும்.

இதெல்லாம் முடிந்து, சைலன்சர் கிளாம்ப் எங்கும் கசிவில்லை, யூரியா தரமும் சரி என்று தெரிந்த பிறகும் செய்தி வந்தால், அப்போது கேட்டலிஸ்ட்டைப் பற்றிப் பேசலாம்.

பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்கிறேன். யூரியா 32.5 சதவீதம் என்று ஏன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறார்கள்? 40 என்று வைத்தால் டேங்க்கைச் சின்னதாக்கலாமே?
*மாணவி, சேலம்*

நல்ல கேள்வி அம்மா. யூரியாவையும் தண்ணீரையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் 32.5 சதவீதத்தில்தான் உறைநிலை மிகக் கீழே, மைனஸ் 11 டிகிரிக்குப் போகிறது. அதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் சீக்கிரமே உறையும் அல்லது உப்புப் பூக்கும். இன்னொரு விஷயம், அந்த விகிதத்தில் உறையும்போது தண்ணீர் தனியாக, யூரியா தனியாகப் பிரியாமல் இரண்டும் ஒன்றாகவே கட்டியாகும். பாதி உருகிய நிலையில் பம்ப் இழுத்தாலும் அதே 32.5 தான் வரும். நமக்கு டோசிங் கணக்கு தப்பாமலிருக்க இது ரொம்ப முக்கியம்.

கணக்கு போட விருப்பமிருந்தால் இதைப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கரைசல் ஏறக்குறைய 1.09 கிலோ. அதில் யூரியா 354 கிராம். சூட்டில் ஒரு யூரியா மூலக்கூறு உடைந்தால் ஓர் அம்மோனியாவும் ஐசோசயனிக் அமிலமும் வரும். அந்த அமிலம் தண்ணீரோடு சேர்ந்து இன்னோர் அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் தரும். ஆக ஒன்றுக்கு இரண்டு. 60 கிராம் யூரியாவுக்கு 34 கிராம் அம்மோனியா, 354 கிராமுக்கு 200 கிராம். இந்த 200 கிராம் சுமார் 540 கிராம் நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடும்.

இன்ஜினிலிருந்து ஒரு யூனிட் (ஒரு கிலோவாட் மணி) வேலைக்கு 6 கிராம் நாக்ஸ் வருகிறது என்று வையுங்கள். அதற்கு 11 மில்லி கரைசல். அதே ஒரு யூனிட்டுக்கு டீசல் கால் லிட்டர். அதாவது 100 லிட்டர் டீசலுக்கு நான்கரை லிட்டர் யூரியா. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் லாரி 1,000 கிலோமீட்டர் ஓடினால் 11 லிட்டர். ரோட்டில் ஓட்டுநர்கள் சொல்லும் கணக்கும் இதை ஒட்டித்தான் வரும். திடீரென்று இது பாதியாகக் குறைந்தால் 'வண்டி நல்லா சிக்கனமா போகுது' என்று சந்தோஷப்படக் கூடாது, யூரியா போகவில்லை என்று அர்த்தம்.

பிஎஸ் 3 காலத்தில் பெரிய வண்டிக்கு யூனிட்டுக்கு 5 கிராம் நாக்ஸ் வரை விட்டார்கள். பிஎஸ் 4-ல் 3.5. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ் 6-ல் நிலையான ஓட்டத்துக்கு 0.4, ஏறி இறங்கும் ஓட்டத்துக்கு 0.46. இந்த எண்களைப் பார்த்தால் நொடிக்கு எட்டுத் துளியை இவ்வளவு கவனமாக ஏன் எண்ணுகிறார்கள் என்று புரியும்.

தோட்டத்துக்கு வாங்கிய யூரியா மூட்டை வீட்டில் இருக்கிறது. ஆர்ஓ தண்ணீரில் சரியாக எடை போட்டுக் கலந்து லாரிக்கு ஊற்றினால் என்ன? ரிஃப்ராக்டோமீட்டரில் 32.5 காட்டுகிறது. வண்டியும் எந்த எரரும் காட்டவில்லை.
*லாரி உரிமையாளரின் மனைவி, ராசிபுரம்*

வீட்டுக் கணக்கை நீங்கள்தான் பார்க்கிறீர்கள் என்று கடிதத்திலேயே தெரிகிறது. சிக்கனம் நியாயம்தான். ஆனால் இதை உடனே நிறுத்திவிடுங்கள், டேங்க்கையும் காலி செய்யுங்கள்.

ரிஃப்ராக்டோமீட்டர் சொல்வது எவ்வளவு யூரியா கரைந்திருக்கிறது என்பதை மட்டும். டேங்க்குக்குள் இருக்கும் தரச் சென்சாரும் அப்படியே. பெரும்பாலும் அது ஒலி கரைசலில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்த்து அடர்த்தியைச் சொல்கிறது. இரண்டுக்கும் அடர்த்தி தெரியும், சுத்தம் தெரியாது. வயல் யூரியாவில் 32.5 கலந்தாலும் இரண்டும் சரி என்றுதான் சொல்லும்.

சுத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. இதற்கான ஐஎஸ்ஓ 22241 தரத்தில் பையூரெட் (யூரியா சூடேறும்போது உண்டாகும் கழிவுப் பொருள்) 0.3 சதவீதத்துக்கு மேல் கூடாது. கால்சியம், இரும்பு, பாஸ்பேட் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு அரை மில்லிகிராமுக்கு மேல் கூடாது. உர யூரியாவில் பையூரெட் ஒன்றரை சதவீதம் வரை இருக்கலாம், பயிருக்கு அது பரவாயில்லை. அதோடு 2015-லிருந்து நம் நாட்டு உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அந்த எண்ணெய் பம்ப் ஃபில்டரில் படலமாகப் படியும். கால்சியமும் பாஸ்பேட்டும் கேட்டலிஸ்ட்டுக்குள் போய் உட்கார்ந்தால் திரும்ப எடுக்கவே முடியாது. இன்றைக்கு எரர் வராது, ஆறு மாதம் கழித்து வரும். அப்போது மிச்சம் பிடித்த காசெல்லாம் ஒரே பில்லில் போய்விடும்.

இதை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு வண்டியின் பம்ப் ஃபில்டரைக் கழற்றினேன். வெள்ளையாக மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டியது பழுப்பேறி, ஒட்டடை மாதிரி வழுவழுவென்று இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் வேப்பெண்ணெய் வாசனை. ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டார், பாவம், அவர் ஊற்றியதில்லை அது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உர யூரியா அரசு மானியத்தில் வருவது, விவசாயிக்கு என்று ஒதுக்கியது. அதை வேறு வேலைக்குத் திருப்புவது உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி குற்றம். உங்கள் தோட்டத்துப் பயிருக்கே போடுங்கள்.

வண்டியை ஆஃப் செய்ததும் கீழே ஒரு நிமிடம் கொர்ரென்று சத்தம் வருகிறது. பேட்டரி இறங்கிவிடும், உடனே கட் ஆஃப் சுவிட்சைப் போடு என்கிறார் முதலாளி. எது சரி?
*ஓட்டுநர், திருச்செங்கோடு*

சத்தம் நிற்கும்வரை போடாதீர்கள். அது பம்ப் பின்னோக்கிச் சுற்றுகிற சத்தம். குழாயிலும் இன்ஜெக்டரிலும் மிச்சமிருக்கும் யூரியாவை டேங்க்குக்குத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுக்காவிட்டால் சூடான சைலன்சர் பக்கத்திலேயே அது காய்ந்து, இன்ஜெக்டர் வாயில் வெள்ளைப் பரலாக நிற்கும். தினம் இரண்டு தடவை இப்படிக் கட் செய்தால் சில மாதத்தில் துளை அடைத்துவிடும்.

ஓரிரு நிமிடம் போதும். முதலாளியிடம் இந்தப் பக்கத்தையே காட்டுங்கள், அந்த நேரத்தில் பேட்டரி ஒன்றும் இறங்கிவிடாது என்று நான் பொறுப்பாகச் சொல்கிறேன். வெல்டிங் செய்ய வேண்டியிருந்தாலும் இதே மாதிரி காத்திருந்து, அப்புறம் கட் செய்யுங்கள்.

ஏற்கெனவே பரல் படிந்திருந்தால் வெந்நீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் கரையும். கம்பியால் துளையைக் குத்தவே கூடாது. வெந்நீரில் கரையாமல் கல் மாதிரி இருந்தால் அது சூடேறி வேறு பொருளாகவே மாறிவிட்ட யூரியா. அது ஏன் வந்தது என்று அடுத்த பதிலில் பாருங்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் புது ஜெனரேட்டர், யூரியா டேங்க் உள்ளது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் சும்மா ஓட்டி நிறுத்துகிறோம். ஒரு வருடத்துக்குள் டோசிங் அடைப்பு என்று இரண்டு முறை சர்வீஸ். லாரியாவது ஊரெல்லாம் ஓடுகிறது, நின்ற இடத்தில் நிற்கும் இதற்கு ஏன்?
*பராமரிப்பாளர், திருப்பூர்*

நின்ற இடத்தில் நிற்பதால்தான். 2023 ஜூலை 1 முதல் ஜெனரேட்டர்களுக்கு வந்த சிபிசிபி 4 பிளஸ் என்ற மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் புகை விதியால் பெரிய செட்டுகளுக்கும் யூரியா வந்துவிட்டது. லாரிக்கும் உங்கள் செட்டுக்கும் சாமான் கிட்டத்தட்ட ஒன்றுதான், பிழைப்பு வேறு.

யூரியாத் துளி புகையில் விழுந்ததும் அதன் தண்ணீர் ஆவியாக வேண்டும், யூரியா உடைய வேண்டும், அம்மோனியா கேட்டலிஸ்ட்டை அடைய வேண்டும். இதற்கெல்லாம் சூடு வேண்டும். பொதுவாகப் புகை 180 முதல் 200 டிகிரியைத் தொடும்வரை கம்ப்யூட்டர் யூரியாவே விடாது. சும்மா ஓடும் இன்ஜின் அந்தச் சூட்டை எட்டுவதே இல்லை, அல்லது எட்டியும் எட்டாமலும் ஊசலாடும். அந்த ஊசலாட்டம்தான் கெடுதல். கொஞ்சம் யூரியா விழும், குழாய்ச் சுவர் போதிய சூடாக இல்லாததால் அங்கேயே ஈரமாக ஒட்டும், தண்ணீர் போய்விடும், மிச்சம் பையூரெட்டாக, அப்புறம் கல் மாதிரி இறுகும் சயனூரிக் அமிலமாக மாறும். சயனூரிக் அமிலம் கரைந்து போக 300 டிகிரிக்கு மேல் வேண்டும். உங்கள் செட் அந்தச் சூட்டை என்றைக்குப் பார்த்தது?

தோசைக்கல் காயாமல் மாவு ஊற்றினால் என்ன ஆகும் என்று வீட்டில் கேளுங்கள். அதேதான் இங்கே சைலன்சருக்குள் நடக்கிறது.

என் யோசனை: வாரம் ஒருமுறை பத்து நிமிடம் சும்மா ஓட்டுவதை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறையாவது முக்கால் மணி நேரம் உண்மையான லோடில் ஓட்டுங்கள். குளிரூட்டி, லிப்ட், பம்ப் எல்லாவற்றையும் இதன் மேல் மாற்றிப் பாதிக்கு மேல் லோடு வரும்படி செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் லோடு மாற்ற முடியாத பகுதிகள் இருக்கும். அப்படியானால் வாடகைக்கு லோடு பேங்க் (ஜெனரேட்டருக்குச் செயற்கையாக லோடு கொடுக்கும் கருவி) கொண்டுவரச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆகிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பது அவசியம் என்றால் ஓரிரு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், யூரியா தொடங்கும் முன்பே. ஆனால் எது செய்தாலும் உங்கள் செட் கம்பெனியின் பராமரிப்புப் புத்தகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உயிர் காக்கும் இடத்து மெஷின், அதில் என் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம்.

செட் வாங்குமுன் கேட்டிருந்தால் இன்னொன்று சொல்லியிருப்பேன். தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய செட் வாங்கினால் அது காலமெல்லாம் குளிர்ந்த சைலன்சரோடுதான் ஓடும்.

ஸ்ரீநகருக்கு லோடு போகிறேன். டிசம்பரில் யூரியா உறைந்துவிடுமா? என்ன கலக்கலாம்?
*ஓட்டுநர், நாமக்கல்*

மைனஸ் 11-க்குக் கீழே போனால் உறையும், உறைந்தால் கெட்டுப்போகாது. எதுவும் கலக்காதீர்கள். ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் தண்ணீரின் சூடு டேங்க்குக்குள் சுற்றி அதை உருக்கும். அதுவரை வண்டி ஓடும். இதற்கென்றே யூரோ 6 (நம் பிஎஸ் 6-க்கு ஒப்பான ஐரோப்பிய விதி) சோதனையில் மைனஸ் 18 டிகிரியிலும் 70 நிமிடத்துக்குள் யூரியா தயாராக வேண்டும் என்று விதி இருக்கிறது. உறைந்தால் சுமார் 7 சதவீதம் பெருகும், அதனால் மலை ஏறும் முன் டேங்க்கை வாய் வரை நிரப்ப வேண்டாம்.

ஒரு சின்னப் பெட்டி இருக்கிறதாம். அதை மாட்டினால் யூரியாவே வேண்டாம், விளக்கும் வராது, புகைச் சான்றிதழும் கிடைக்கும் என்கிறார்கள். யூரியா பிரச்சினையில் நடுரோட்டில் வண்டி 20 கிலோமீட்டர் வேகத்துக்கு இறங்கி அவதிப்பட்டவன் நான். மாட்டலாமா?
*மூன்று லாரி உரிமையாளர், கரூர்*

உங்கள் அவதி எனக்குப் புரிகிறது. பாரம் ஏற்றிய வண்டி நெடுஞ்சாலையில் 20-ல் ஊர்ந்தால் பின்னால் வருகிறவனுக்கும் ஆபத்துதான். ஆனால் அது திடீரென்று வருவதில்லை. டேங்க்கில் 10 சதவீதம் இருக்கும்போதே எச்சரிக்கை வரும். இரண்டரை சதவீதத்தில் இழுவை கால்பங்கு குறையும். காலியான பிறகுதான் 20. யூரியா தரம் சரியில்லை, டோசிங் நின்றுவிட்டது என்றால் எச்சரிக்கைக்குப் பிறகு இன்ஜின் ஓட்டத்தில் 10 மணி நேரத்தில் இழுவைக் குறைப்பு, 20 மணி நேரத்தில் கடைசிக் கட்டம். அதாவது இங்கிருந்து கிளம்பினால் ஒரு நல்ல பட்டறையைப் போய்ச் சேர நேரம் கொடுக்கிறது. ஓட்டுநர் விளக்கைப் பார்த்த அன்றைக்கே உங்களுக்குச் சொல்கிறாரா என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதி வண்டிகளில் அந்த ஒரு போன் கால்தான் இல்லை. திட்டு விழும் என்று பயந்து சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விளக்கு வந்ததைச் சொன்னால் திட்டாதீர்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். அது வண்டிக் கம்ப்யூட்டரிடம் பொய் எண்களைச் சொல்கிறது. எல்லாம் சரி என்று நம்பவைத்து யூரியாவை நிறுத்துகிறது. புகைச் சான்றிதழ் கிடைக்கும் என்பது உண்மைதான், ஏனென்றால் டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையில் பார்ப்பது புகையின் கருமையை. நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது, அங்கே அளப்பதும் இல்லை. அளக்கவில்லை என்பதால் அது இல்லை என்று ஆகாது. உங்கள் ஒவ்வொரு லாரியும் விதித்த அளவைப் போல பத்துப் பதினைந்து மடங்கு விட்டுக்கொண்டு போகும். கரூர் பைபாஸ் ஓரத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுவாசிப்பது அதைத்தான். டோல்கேட்டில் நாள் முழுக்க நிற்கிறவர்களும், வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கிற என் பட்டறைப் பையன்களும் அதைத்தான் சுவாசிக்கிறார்கள். மூச்சுக்குழாயை அரிப்பதும், வெயிலில் ஓசோன் உண்டாகக் காரணமாவதும் அந்த வாயுவின் குணம்.

வண்டிக்கும் நல்லதில்லை. யூரியா ஓட்டம் நின்ற இன்ஜெக்டர் வாயில் கரி ஏறி இறுகும். விற்கும்போதோ, அசல் நிலைக்குத் திருப்ப வேண்டும் என்று வந்தாலோ முழுச் செட்டையும் வாங்க வேண்டியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றக் கூடாது என்கிறது. என் பட்டறையில் அந்தப் பெட்டியை மாட்டித் தரச் சொல்லி வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சிலர் திரும்ப வரவே இல்லை. பரவாயில்லை. உங்கள் மூன்று வண்டியையும் கொண்டுவாருங்கள், குடுவையைப் பிடித்து அளந்து காட்டுகிறேன்.

இருபது லிட்டர் கேன் யூரியாவை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? கேபின் மேல் கட்டி வைத்திருக்கிறோம்.
*கிளீனர், பெருந்துறை*

கேபின் மேலிருந்து இன்றைக்கே இறக்கிவிடு தம்பி. 25 டிகிரிக்குள் இருந்தால் ஒன்றரை வருடம் தாங்கும், 30-ல் ஒரு வருடம், 35-ல் ஆறு மாதம். சித்திரை வெயிலில் கேபின் மேல் தகரம் எவ்வளவு சுடும் என்று உன் கைக்கே தெரியும். சூட்டில் யூரியா மெல்ல உடைந்து அம்மோனியாவாகும். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் அது பழசு.

நிழலில், மூடி இறுக்கமாக, சாய்க்காமல் வை. பித்தளை, செம்பு, இரும்புப் பாத்திரம் எதிலும் ஊற்றாதே, டீசல் புனலைக் கொண்டு ஊற்றாதே. டீசல் இரண்டு சொட்டு விழுந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிவிடும். தவறி ஊற்றிவிட்டால் சாவியைத் திருப்பவே வேண்டாம், டேங்க்கைக் கழுவும்வரை வண்டி அப்படியே நிற்கட்டும். கேன் வாயைத் துடைக்க வேட்டித்துணி கிழிசல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள், கிரீஸ் துடைத்த துணி வேண்டாம்.